மூன்று லிட்டர் ஆயிலும் ஏழு பேர் பயணமும்: எர்டிகா டீசல், வாசகர் கேள்வி பதில்

மாருதி நிறுவனம் தன் டீசல் கார்களை 2020-ல் நிறுத்திவிட்டது. ஆனால் ஏழு பேர் ஏறிப் போகும் சிக்கனமான சின்ன வண்டி என்றால் நம் ஊர்ப் பக்கம் இன்றும் பழைய எர்டிகா டீசலைத்தான் தேடுகிறார்கள். அந்த வண்டி பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் மூன்று எர்டிகா டீசல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2013 மாடல், ஒன்று 2016, ஒன்று 2019 கடைசி. பெயர் ஒன்றுதான், உள்ளே என்ன வித்தியாசம்? (வாசகர், திருச்சி)

முதல் இரண்டிலும் இருப்பது ஒரே இன்ஜின். மூன்றாவதை மட்டும் ஆர்.சி. புக்கில் சி.சி. பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2012 ஏப்ரலில் எர்டிகா வந்தபோது போட்டது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் இன்ஜின். மாருதி அதை டி.டி.ஐ.எஸ். என்ற பெயரில் விற்றது. 1248 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு, காமன் ரெயில் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை). ஸ்விஃப்ட் டீசலிலும் இதே இன்ஜின்தான், ஆனால் அதில் சக்தி 75 பி.எஸ். (குதிரைத்திறன்) மட்டும். எர்டிகாவில், வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தும் டர்போ, இறக்கைகள் திரும்பக்கூடிய வி.ஜி.டி. வகையாக இருப்பதால் நிமிடத்துக்கு 4000 சுற்றில் 90 பி.எஸ்., 1750 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் இழுவை. ஐந்து கியர். 45 லிட்டர் டேங்க். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். டயர் 185/65 ஆர்15. நீளம் 4265 மி.மீ.தான், ஆனால் வீல்பேஸ் 2740 மி.மீ. இருப்பதால் மூன்று வரிசை இருக்கை அடங்குகிறது. மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் மிஞ்சும் இடம் 135 லிட்டர். இரண்டு சின்னப் பைகள் வைக்கலாம், அவ்வளவுதான்.

2015 இறுதியில் இதே இன்ஜினுடன் எஸ்.எச்.வி.எஸ். என்ற சின்ன ஹைபிரிட் அமைப்பு சேர்ந்தது. ஆல்டர்னேட்டர் இருந்த இடத்தில் ஸ்டார்ட்டர் வேலையையும் செய்யும் ஜெனரேட்டர் வந்தது. சிக்னலில் இன்ஜினை அணைத்து எழுப்பும், பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏற்றும், வேகம் எடுக்கையில் கொஞ்சம் கைகொடுக்கும். மின்சாரத்தில் மட்டும் ஓடாது. நிறுவனம் அறிவித்த மைலேஜ் லிட்டருக்கு 20.77 கி.மீ.யிலிருந்து 24.52 ஆக உயர்ந்தது இதனால்தான்.

2018 நவம்பரில் புது உடல் வந்தது. முதலில் அதே 1248 சி.சி. இன்ஜின்தான். 2019-ல் சுஸுகியே வடிவமைத்த 1498 சி.சி. டீசலைப் போட்டார்கள். 95 பி.எஸ்., 225 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். கீழ்ச் சுற்றிலேயே இழுக்கும், ஓட்ட இனிமையான வண்டி. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதுப் புகை விதி வந்ததும் அந்த இன்ஜின் முடிந்துபோனது. ஓர் ஆண்டு அளவுக்கே விற்ற இன்ஜின் என்பதால், அதன் உள்பாகங்கள் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கின்றனவா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். 1248 சி.சி.க்கு அந்தக் கவலையே இல்லை. அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்காத பட்டறை தமிழ்நாட்டில் அபூர்வம்.

மூன்றில் எது என்று கேட்டால், 2016. ஆயில் சர்வீஸ் பில்கள் இருந்தால் மட்டும்.

கேள்வி: மாதம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுவோம், வருடத்தில் இரண்டு முறை குலதெய்வக் கோயில். டீசல் எடுத்தால் லாபம்தானே? (வாசகர், விருதுநகர்)

இல்லை. பென்சில் எடுத்துக் கணக்குப் போடுங்கள். கணக்குக்காக பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைப்போம். பழைய 1.4 பெட்ரோல் எர்டிகா நடைமுறையில் லிட்டருக்கு 14, டீசல் 18 கொடுக்கிறது என்று வைப்போம். மாதம் 500 கிலோமீட்டருக்கு பெட்ரோல் செலவு சுமார் 3,570 ரூபாய், டீசல் செலவு சுமார் 2,555. மிச்சம் மாதம் ஆயிரம், வருடம் பன்னிரண்டாயிரம். டீசல் வண்டியில் ஒரு டர்போ, அல்லது சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர் பழுது வந்தால் சில வருட மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். மாதம் 1,500 ஓட்டுபவருக்கு இதே கணக்கில் வருடம் முப்பத்தாறாயிரம் மிஞ்சும், அவருக்கு டீசல் சரி.

பணத்தைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு. பால் வாங்க, பள்ளிக்கூடம் விட என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் டீசல் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை. சூடு ஏறாத இன்ஜினில் புகைக்கரி, வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் படிந்துகொண்டே போகும். உங்கள் ஓட்டத்துக்கு பெட்ரோல் எர்டிகாதான் பொருத்தம்.

கேள்வி: 2014 எர்டிகா, 1,30,000 கி.மீ. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சத்தம் வந்து அடங்கிவிடுகிறது. மெக்கானிக் "டீசல்னா அப்படித்தான்" என்கிறார். (வாசகர், ஈரோடு)

அப்படித்தான் இல்லை. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிஸ்டன் ஓட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகளைத் திறந்து மூட வைக்க இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். "செயின் என்றால் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சொல்லித்தான் பலர் வாங்கினார்கள். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். செயின் நீண்டோ, அதன் பிளாஸ்டிக் கைடு தேய்ந்தோ இருந்தால், அழுத்தம் ஏறும்வரை செயின் ஆடி, கவரில் உரசும். நீங்கள் கேட்கும் கரகர அதுதான். ஆயில் அழுத்தம் வந்ததும் அடங்கிவிடும், அதனால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு நாள் செயின் ஒரு பல் தாண்டும். பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்திருக்கும். ராக்கர் ஆர்ம்கள் உடையும், மோசமானால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

செயின் ஏன் நீள்கிறது என்பதுதான் இந்த இன்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். இதில் ஆயில் அளவு ஃபில்டருடன் சேர்த்து மூன்று லிட்டரை ஒட்டியே. டர்போவைக் குளிர்விப்பதும், செயினை இறுக்குவதும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குப் போவதும் எல்லாம் அந்த மூன்று லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். கரி கலந்து கெட்டியான ஆயில் செயினின் ஒவ்வொரு பின்னையும் அரைக்கும். ஆயில் மாற்றப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று எழுதியிருக்க, பதினைந்தாயிரம் வரை இழுத்த வண்டிகளில்தான் இந்தச் சத்தம் சீக்கிரம் வருகிறது.

செய்ய வேண்டியது: சமமான தரையில் நிறுத்தி, இன்ஜின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள். குறைவாக இருந்தால் கையேட்டில் சொன்ன கிரேடு ஆயிலை மேல் கோடுவரை ஊற்றி, மறுநாள் காலை சத்தம் கேளுங்கள். அப்போதும் வந்தால் செயின் வேலைதான். செயினை மட்டும் மாற்றிவிட்டு கைடையும் டென்ஷனரையும் பழையதாகவே விடுவது வீண் செலவு. செயின், கைடுகள், டென்ஷனர், பல்சக்கரம் என்று முழு செட்டாகவே வாங்குங்கள். வேலையை ஒப்படைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கேம் ஷாஃப்டையும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கையும் பூட்டி நிறுத்தும் லாக்கிங் பின் டூல் இருக்கிறதா? "பெயிண்ட் மார்க் போட்டுப் பண்ணிடலாம்" என்று பதில் வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போங்கள்.

இனிமேல் ஏழாயிரம், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். ஆயிரத்துக்கு ஒருமுறை குச்சி பாருங்கள். இதில் ஃபில்டர் டப்பா வகை அல்ல, கூட்டுக்குள் போடும் காகித வகை. ஒவ்வொரு முறையும் மூடியின் ஓ-ரிங்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அது நசுங்கிக் கசிந்தால் அந்த மூன்று லிட்டரும் நெடுஞ்சாலையில் போய்விடும்.

கேள்வி: 20.77 கொடுக்கும் என்றார்கள். எனக்கு 15 தாண்டவில்லை. (வாசகர், செங்கல்பட்டு)

20.77 என்பது சோதனைக்கூட எண். ஏ.சி. போடாமல், நிர்ணயித்த வேகத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுப்பது. நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறில் சீராகப் போனால் 18, 19 வரும். நகருக்குள் ஏ.சி.யுடன் 13 முதல் 15 இயல்பு. இரண்டாம் வரிசைக்குக் கூரையில் தனி ஏ.சி. ஊதியும் இருக்கிறது, அதையும் ஓட்டுவது இதே இன்ஜின்தான்.

முதலில் சரியாக அளந்து பாருங்கள். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே பங்கில், ஒரே குழாயில், முதல் "டக்" என்று நிற்கும்வரை நிரப்புங்கள், அதற்குமேல் சொட்டுச் சொட்டாகத் திணிக்கக் கூடாது. ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். ஐநூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு அதே இடத்தில் அதேபோல் நிரப்புங்கள். 612 கிலோமீட்டருக்கு 36 லிட்டர் பிடித்தால் 17. இப்படி மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

அதன் பிறகும் நெடுஞ்சாலையில் 15 என்றால் இந்த வரிசையில் தேடலாம். டயர் காற்று (ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு, காலையில் டயர் ஆறியிருக்கும்போது). ஏர் ஃபில்டர். பின் டிரம்மில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக் ஷூ: பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் திருடன் அங்கேதான். பிறகு, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். சூட்டு முள் நெடுஞ்சாலையிலும் பாதிக்குக் கீழேயே நின்றால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டது. இன்ஜின் எப்போதும் குளிராக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டி ஊற்றும்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இழுவை போய்விடுகிறது. 2500 சுற்றுக்கு மேல் ஏற மறுக்கிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. டர்போ மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், நாமக்கல்)

டர்போ மாற்றும் முன் சில நூறு ரூபாய் வேலைகள் இருக்கின்றன. நீங்கள் சொல்வது லிம்ப் மோட். காற்றழுத்தம் கேட்ட அளவுக்கு வரவில்லை, அல்லது மிஞ்சிவிட்டது என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்து இன்ஜினைக் காக்கிறது. அணைத்து எழுப்பினால் அந்த நிலை கலைந்துவிடும், காரணம் அப்படியே இருக்கும்.

முதலில் ஸ்கேனர் போட்டு அது காட்டும் பழுதுக் குறியீட்டை எழுதி வாங்குங்கள், அழிக்க விடாதீர்கள். பிறகு பானெட்டைத் திறந்து டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் ஈரமான ஆயில் கறை இருந்தால் காற்று அங்கே கசிகிறது. வேகம் எடுக்கையில் விசில் சத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் கிட்டத்தட்ட உறுதி.

ஹோஸ் நன்றாக இருந்தால் வேக்வம் (காற்றை உறிஞ்சும் வெற்றிட) குழாய்கள். வி.ஜி.டி. இறக்கைகளைத் திருப்பும் ஆக்சுவேட்டர் வேக்வத்தில் இயங்குகிறது. ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, டர்போ பக்கத்தில் உள்ள மெல்லிய கம்பியைப் பாருங்கள். இன்ஜின் பிடித்ததும் அது விரலளவு இழுபட வேண்டும், அணைத்ததும் வழுக்கித் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் வேக்வம் குழாய் வெடித்திருக்கிறது, அல்லது வேக்வத்தைத் திறந்து மூடும் சொலினாய்டு மின்வால்வு போயிருக்கிறது. தடுக்கித் தடுக்கி நகர்ந்தால் உள்ளே கரி படிந்து இறக்கைகள் மாட்டுகின்றன. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் பட்டறைகள் உண்டு. கம்ப்ரசர் சக்கரம் உறையைத் தொட்டு உரசியிருந்தாலோ, ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடினாலோ மட்டும் புது டர்போ.

கூடவே இ.ஜி.ஆர். வால்வையும் கழற்றிப் பாருங்கள். பலரும் அதைத் தகடு போட்டு அடைத்துவிடச் சொல்வார்கள். வேண்டாம். புகைக்கட்டுப்பாட்டுக்கென்று வைத்த பாகம் அது, அடைத்தால் எச்சரிக்கை விளக்கும் எரியும். கிளீனர் அடித்துக் கரியைச் சுரண்டி, புது கேஸ்கெட் போட்டு மாட்டினாலே போதும்.

கேள்வி: இன்ஜெக்டர் அடியில் கறுப்பாகத் தார் மாதிரி பிடித்திருக்கிறது, "சுஃப் சுஃப்" என்ற சத்தமும் வருகிறது. (வாசகர், கும்பகோணம்)

இன்ஜெக்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள செம்பு வாஷர் போயிருக்கிறது. சிலிண்டரில் எரிந்த வாயு அந்த வழியாகப் பீறிட்டு வெளியே வந்து, ஆவி குளிர்ந்து தாராக இறுகுகிறது. இப்போதே செய்தால் வாஷர் விலை போக உழைப்புக் கூலிதான். விட்டால் தார் கல்லாக இறுகி, இன்ஜெக்டரை இழுக்கும்போதே உடையும், வாஷர் உட்காரும் இடமும் அரித்துப்போகும். நான்கையும் கழற்றச் சொல்லுங்கள். உட்காரும் இடத்தை அதற்கான கட்டரால் லேசாகத் தேய்த்து, கரித்தூள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸ் தடவி எடுத்து, புது வாஷர் போட வேண்டும். கழற்றிய வாஷரையே மறுபடி போடுவது பாவம்.

ஒவ்வொரு இன்ஜெக்டரும் எந்தச் சிலிண்டரிலிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்ட வண்டி ஐடிலில் குலுங்கும், புகை தள்ளும்.

கேள்வி: பங்கில் தவறுதலாகப் பத்து லிட்டர் பெட்ரோல் போட்டுவிட்டார்கள். (வாசகர், தூத்துக்குடி)

சாவியைத் திருப்பவே வேண்டாம், "ஆன்" நிலைக்குக்கூட. தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை முழுதாக வடித்து, புது டீசல் ஃபில்டர் போட்டு, நல்ல டீசல் ஊற்றி, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். காமன் ரெயில் பம்புக்கு டீசலின் வழுவழுப்புதான் ஆயில். பெட்ரோல் அதைக் கழுவிவிட்டால் பம்ப் தேய்ந்து, உலோகப் பொடி ரெயில், நான்கு இன்ஜெக்டர் எல்லாவற்றுக்கும் போய்விடும். ஃபில்டர் மாற்றியதும் பைப்பில் காற்று இருக்கும், ஒரேயடியாக ஸ்டார்ட்டர் அடிக்காதீர்கள். பத்து விநாடி அடித்தால் அரை நிமிடம் விடுங்கள். ஓட்டிவிட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மடிப்புகளில் வெள்ளி மினுக்கம் தெரிந்தால் பம்பைச் சோதிக்காமல் மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

கேள்வி: ஏழு பேருடன் வால்பாறை போகலாமா? ஏறும்போது கிளட்ச் வாசனை வருகிறது. (வாசகர், பொள்ளாச்சி)

போகலாம். ஆனால் ஏழு பேரும் பைகளும் சேர்ந்தால் அரை டன், அதை இழுப்பது 1.3 லிட்டர் இன்ஜின் என்பதை மனதில் வையுங்கள். இதன் டர்போ 1750 சுற்றுக்குக் கீழே தூங்கும். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் இரண்டாவது கியரிலேயே திரும்பினால் சுற்று 1200-க்கு விழும், வண்டி திணறும், நீங்கள் பாதி கிளட்ச்சை அழுத்திச் சமாளிப்பீர்கள். வாசனை அங்கிருந்துதான் வருகிறது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள், கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுங்கள், 2000 சுற்றுக்கு மேல் வைத்து ஏறுங்கள். மேட்டில் நின்று புறப்பட ஹேண்ட்பிரேக்.

இறங்கும்போது நியூட்ரல் கூடவே கூடாது. டீசல் மிச்சம் என்பதும் பொய்: கியரில் விட்டு ஆக்சிலரேட்டரை எடுத்தால் இன்ஜெக்டர்கள் டீசலை முழுதாக நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடில் ஓட டீசல் செலவாகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். உச்சியில் போய் நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். செக்கச் சிவந்த டர்போவில் ஆயில் ஓட்டம் சட்டென நின்றால் அது அங்கேயே கரியாகிவிடும்.

கேள்வி: எஸ்.எச்.வி.எஸ். வண்டியில் சிக்னலில் இன்ஜின் அணைவதே இல்லை. பேட்டரி கடைக்காரர் சாதாரண பேட்டரி போதும், பாதி விலை என்கிறார். (வாசகர், மதுரை)

அணையாததெல்லாம் பழுது அல்ல. சீட் பெல்ட் போடவில்லை, இன்ஜின் சூடாகவில்லை, ஏ.சி. இன்னும் குளிர்வித்து முடிக்கவில்லை, பேட்டரியில் சார்ஜ் குறைவு, இதில் ஒன்று இருந்தாலும் அணையாது. மூன்று நான்கு வருடமான பேட்டரி என்றால் கடைசிக் காரணம்தான் அதிகம். சாதாரண பேட்டரி அடிக்கடி ஸ்டார்ட் ஆவதையும் வேகமாகச் சார்ஜ் ஏறுவதையும் தாங்காது, சீக்கிரம் படுத்துவிடும். பழைய பேட்டரியின் லேபிளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய் அதே வகை, அதே ஆம்பியர் கேளுங்கள்.

கேள்வி: வண்டி பார்க்கப் போகும்போது மெக்கானிக் இல்லாமல் நாங்களே எதைச் சோதிக்கலாம்? (வாசகர், சேலம்)

"நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலைச் சத்தத்தை மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து காதைக் கொடுங்கள். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாயின்மேல் வையுங்கள். லேசாக நடுங்கினால் சரி, துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கூலண்ட் டப்பாவில் ஆயில் ஆடை மிதக்கிறதா பாருங்கள். மூன்றாவது கியரில் 1500 சுற்றிலிருந்து முழுதாக அழுத்துங்கள்: 1800 தாண்டியதும் முதுகு இருக்கையில் பதிய வேண்டும். பின்னால் ஒருவர் புகையைக் கவனிக்கட்டும். ஒரு கணம் கறுப்பு வந்து போனால் பரவாயில்லை, நீலம் தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. கீழே குனிந்து, ஆயில் தேங்கும் சம்ப் வேகத்தடையில் அடிபட்டு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காகிதத்தில்: கடன் இருந்த வண்டி என்றால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று). 2012 வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருடம் முடிகிறது, அதன்பின் தகுதிச் சோதனை முடித்து ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் போட்ட பத்து வருட டீசல் தடை நம் ஊரில் இல்லை. அங்கிருந்து மலிவாக வரும் வண்டியென்றால், சொந்த மாநில என்.ஓ.சி. கையில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.